ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். விடியற்காலையிலிருந்து தூறல். காற்று இல்லை. முந்தின நாள் கொடியில் போட்ட வேட்டி இன்னும் காயவில்லை. அந்த நேரத்தில் என் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி அப்படியே நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. எண்ணினேன். ஒன்பது டிக். பிறகு ஏதோ சுழன்று அடங்குகிற ஓசை. அதன் பிறகு தூறல் சத்தம் மட்டும்தான்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கணிதத்தில் பட்டம் வாங்கியவன். ஆனால் வாழ்நாள் முழுக்கச் செய்தது பட்டுச் சேலைக்கு கிராஃப் போடுகிற வேலை. முந்தியில் ஒரு மயில் வரவேண்டும் என்றால் அந்த மயிலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் சரிகை மேலே தெரிய வேண்டும், எதில் மறைய வேண்டும் என்று குறிக்க வேண்டும். அதன்படி அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அட்டை சொல்கிறபடி தறி நூலைத் தூக்கும். நெசவாளர் சங்கம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் காகிதத்தில் போட்டேன். ஓய்வுக்குப் பிறகு பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் போடுகிறேன். இப்போது பதினான்கு தறிக்காரர்களுக்கு என்னுடைய கிராஃப்.

அன்று நான் திறக்கப் போன டிசைன், அடுத்த தெருவில் இரண்டு தறி வைத்திருக்கிற ஒரு பெண்ணுக்காகப் போட்டது. பதினெட்டு வருஷமாக அவள் ஒரு ஜவுளிக் கடைக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவள். முதல் முறையாக, கடை நடுவில் இல்லாமல், தென்னேரியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் நேராக அவளிடமே முகூர்த்தச் சேலைக்குச் சொல்லியிருந்தார்கள். முந்தியில் அவர்கள் ஊர் ஏரி வரவேண்டும் என்றார்கள். கரை, பனைமரம், மதகு, தண்ணீரில் நிற்கிற கொக்குகள். நான் பஸ் ஏறிப் போய் மதகுகளை நேரில் எண்ணிவிட்டு வந்துதான் வரைந்தேன். குறுக்கே 480 கட்டம், நெடுக்கே 1,920. மொத்தம் ஒன்பது லட்சத்து இருபத்தோராயிரத்து அறுநூறு கட்டம். இருபத்துமூன்று நாள் வேலை. சேலை நன்றாக வந்தால் அதே வீட்டில் இன்னும் ஐந்து சேலை அவளுக்குத்தான் என்று பேச்சு.

உடல் பகுதி தறியில் முடிகிற கட்டத்தில் இருந்தது. அடுத்தது முந்தி. அதற்கு அட்டை அடிக்க வேண்டும். அந்த டிசைனோ, டிக் டிக் என்று சொல்லிவிட்டு அடங்கிப்போன பெட்டிக்குள்.

வேறு பிரதி இருந்ததா என்று யாரும் கேட்பார்கள். இல்லை. வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் டிசைன் திருட்டு சர்வ சாதாரணம். திங்கட்கிழமை ஒரு புது முந்தி தறியில் ஏறினால் அடுத்த திங்கட்கிழமைக்குள் அது இன்னொரு ஊர் விசைத்தறியில் ஓடும். அதனால் ஒருவருக்கென்று போட்ட டிசைனுக்கு ஒரே மூலம்தான் என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. காகிதத்தில் போட்ட காலத்தில், வரைந்து பார்த்த தாள்களைச் சேலை நெய்கிறவர் கண்ணெதிரே கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். அவர் போய் அடுப்பில் போடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் அதே கட்டுப்பாட்டில் இருந்தேன். ஒரு டிசைன், ஒரு இடம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அன்று மதியத்துக்குள் கேபிளை மாற்றினேன், வேறு இடத்தில் செருகினேன், ஏழு முறை ஆன் செய்தேன். ஏழு முறையும் ஒன்பது டிக்.

"இன்னா, பெட்டியாண்ட காத வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கீங்க," என்றாள் என் மனைவி.

"எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

"எண்ணுனா சரியாயிடுமா? சாப்புட வாங்க. எண்ணிக்கினே சாப்புடுங்க, நான் வேணான்னு சொல்லல."

மூன்று மணிக்கு டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைத் தன் மெஷினில் மாட்டினார். மூன்று முறை ஒன்பது டிக். நான்காவது முறை தலைகீழாக வைத்தபோது உயிர் வந்தது. திரையில் ஒரு கேள்வி தோன்றியது: இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?

"ஃபார்மேட் போட்டா எழுந்துக்கும் பெரியவரே," என்றார் அவர்.

"உள்ளே இருப்பது?"

"அது போயிடும். ஆனா டிஸ்க் நல்லாயிடும்."

அவர் கை மவுஸில் இருந்தது. நான் அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். ஓர் அந்நிய மனிதரின் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்ததில்லை. அதற்குள் டிஸ்க் மறுபடி ஒன்பது டிக் போட்டு அடங்கிவிட்டது. உள்ளே பதிவைப் படிக்கிற ஊசி போய்விட்டது, சென்னைக்கு அனுப்ப வேண்டும், பதினைந்து இருபது நாள் ஆகும், வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை என்றார். பார்த்ததற்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நெசவுக்காரப் பெண் ஃபைலை வாங்கி அட்டை அடிப்பவரிடம் சேர்க்க வந்துவிட்டாள். மேலும் இரண்டு நாள் கழித்து வருவாள் என்று நினைத்திருந்தேன்.

"சின்ன சிக்கல்," என்றேன்.

"சின்னதா?" என்றாள் என் மனைவி. "நேத்துலேர்ந்து இந்த மனுஷன் மூணு இட்லிக்கு மேல சாப்புடல. நீ உக்காரும்மா. உன் டிசைன் போயிடுச்சு."

"போகவில்லை. உள்ளே இருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை."

நெசவுக்காரப் பெண் துண்டில் கிடந்த டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "நீங்க போட்டதுதான ஐயா. மனசுல இருக்காதா? திரும்பப் போட முடியாதா?"

அந்தக் கணக்கை நான் முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தேன். டிசம்பர் ஒன்றாம் தேதி சேலை கொடுத்தாக வேண்டும். நடுவில் இருபத்தைந்து நாள். திரும்ப வரைய இருபத்துமூன்று, அட்டை அடித்துக் கோக்க மூன்று, முந்தி நெய்ய ஐந்து. முப்பத்தொன்று. ஆறு நாள் குறைகிறது. சொன்னேன்.

"ரெண்டு கொக்கு கொறச்சிக்கலாமே."

"கொக்குக்கு மூன்று மணி நேரம்தான் அம்மா. ஏரியைத்தான் குறைக்க முடியாது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாளக்கி சாயந்திரத்தோட ஒடம்பு முடியுது. அப்புறம் தறி சும்மா நிக்கும்," என்றாள். "கட கூலிக்கு நெய்யுறப்ப தறி நின்னா அது கடக்காரன் பாடு. இது என் பேருல வந்த சேல ஐயா. அவங்க வீட்டுல எல்லார்கிட்டயும் என் பேரச் சொல்லியிருக்காங்க."

பெட்டி கெட்டது என் குற்றமில்லை என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பேசியதைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

புறப்படும்போது அவளே ஒரு வழி சொன்னாள். செவிலிமேட்டில் ஒரு பெண் சர்க்யூட் போர்டு பழுது பார்க்கிறாளாம். ஒரகடம் பக்கம் ஒரு ஃபோன் கம்பெனியில் பத்து வருஷம் போர்டு சோதிக்கிற வேலையில் இருந்தவள். இவள் வீட்டு இன்வெர்டரை எல்லோரும் தூக்கிப் போடச் சொன்ன பிறகு அவள்தான் எழுப்பிக் கொடுத்தாளாம்.

வியாழக்கிழமை காலை போனேன். டவுன் பஸ்ஸில் போகவில்லை. குலுக்கலுக்குப் பயந்து ஆட்டோ. டிஸ்க் என் மடியில். ஓட்டுனரிடம் மெதுவாகப் போகச் சொல்லி நான்கு முறை சொன்னேன். ஐந்தாவது முறை அவர் திரும்பி, "கொழந்தையா சார் உள்ள?" என்று கேட்டார்.

கடை ஒரு வீட்டின் முன்னறை. மேஜை மேல் கழற்றிப்போட்ட மிக்ஸி, சுவரில் ஒரு தேவாலயக் காலண்டர். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். டிஸ்க்கை மின்சாரத்தில் மாட்டவே இல்லை. முதலில் என்னைப் பேசவிட்டாள். நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். இதுவரை பதினொரு முறை ஆன் செய்தது. பத்து முறை ஒன்பது டிக். ஒரே ஒரு முறை, கடைக்காரர் மெஷினில் தலைகீழாக வைத்தபோது, உயிர் வந்தது.

"தலகீழா வெச்சப்ப வந்துச்சா?" என்றாள். "நல்லா தெரியுமா சார்?"

"எழுதியிருக்கிறேன்."

"அப்ப ஊசி போவல. ஊசி போயிருந்தா எப்படி வெச்சாலும் வராது. எங்கியோ தொடுறது தொடாம இருக்குது."

டிஸ்க்கின் அடிப்பக்கம் பச்சையாக ஒரு போர்டு இருக்கும். அதை ஆறு ஸ்க்ரூ பிடித்திருக்கும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. ஆறையும் எடுத்து ஒரு மூடியில் போட்டாள். நானும் ஆறு என்று எண்ணிக்கொண்டேன். போர்டைத் தூக்கித் திருப்பியவள், விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது. சந்தனமா?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். ஆயுத பூஜைக்கு எல்லோரும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியில் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. டிசைன் இருப்பது பெட்டியில் இல்லை, டிஸ்க்கில். ஆயுதம் அதுதான். ஆகவே வருஷா வருஷம் டிஸ்க்கைக் கழற்றிப் பலகையில் வைப்பேன். மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதை மூடக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. நான் படித்தவன். படித்துப் பார்த்து, ஜாக்கிரதையாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் வைத்தேன். வருஷத்துக்கு மூன்று பொட்டு, ஆறு வருஷம், பதினெட்டுப் பொட்டு. மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

"ஈரத்துணியால?"

"நன்றாகப் பிழிந்த துணி."

அவள் சிரித்தாள். மிக்ஸிக்காகக் காத்திருந்த ஒருவரும் சிரித்தார். "ஓட்டைய மூடக் கூடாதுன்னு படிச்சிட்டு போர்டு மேலயே பூசிட்டீங்க. படிக்காத ஆளா இருந்தா மேலயே பூசிட்டுப் போயிருப்பான், இவ்ளோ வம்பு இருந்திருக்காது. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஜெபம் மட்டுந்தான் சார். போர்டுக்குள்ள எறங்காது."

காட்டினாள். போர்டின் உட்பக்கம், டிஸ்க்கின் ஊசியோடு தொடர்பு கொள்கிற சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருந்தன. இருபது. அவற்றில் பதிமூன்று கறுத்திருந்தன. சந்தனத் தண்ணீர் ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கி ஆறு வருஷமாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது.

"ரப்பர் இருக்குதா? பென்சில் ரப்பர். எங்கிட்ட இருந்தது எங்கியோ போச்சு."

கிராஃப் போடுகிறவன் சட்டைப் பையில் ரப்பர் இல்லாமல் வெளியே போவதில்லை. ஆனால் அன்று அவசரத்தில் சட்டையை மாற்றியிருந்தேன். எதிர்க் கடையில் பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். ஒவ்வொரு தகடாக, மெதுவாக, ஒரே திசையில் தேய்க்கச் சொன்னாள். அந்த வேலையை என்னிடமே கொடுத்துவிட்டு அவள் மிக்ஸியைப் பார்க்கப் போனாள். என் கை நடுங்குகிற கைதான், ஆனால் ரப்பர் பிடித்தால் நடுங்காது. கறுப்பு உரிந்து தங்க நிறம் தெரிந்தது. இருபதும் முடிய நாற்பது நிமிடம். ஏதோ ஸ்பிரிட்டால் துடைத்து, ஊதி, ஆறு ஸ்க்ரூவையும் போட்டு மாட்டினாள்.

டிக் இல்லை. ஒன்றுகூட இல்லை. மெல்லிய ஒரு ரீங்காரம் மட்டும். திரையில் என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

ஏரி ஃபைலைத் திறக்கக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்தாநாள் அந்தக் கடைக்காரருக்குச் செய்ததை எனக்கு ஒருவர் செய்கிறார்.

"எதையும் தொறக்காதீங்க சார். இது எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியாது. முழுசா இன்னொரு டிஸ்க்குல எறக்கணும். அப்புறம் தொறந்து கொஞ்சிக்கோங்க."

சொல்லி வாய் மூடவில்லை, டிஸ்க் நின்றது. உயிர் வந்து பதினான்காவது நிமிடம். ஆற விட்டு மறுபடி போட்டோம். பதிமூன்று நிமிடம். மறுபடி. பதினான்கு. தொட்டால் சுட்டது. பழைய டிஸ்க், சூடேறினால் படிக்க மறுக்கிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எறக்க ஒண்ணே முக்கா மணி நேரம் ஓணும். இது கால் மணிகூட தாங்கல," என்றாள்.

நான் நோட்டைப் பார்த்தேன். மூன்று முறையிலும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அது நின்றதில்லை. இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடி முழு அளவு ஓடுகிறது. "பன்னிரண்டு நிமிடம் ஓட்டி, நாமே நிறுத்தி, இருபது நிமிடம் ஆறவிட்டால்? அதுவாக நிற்கும் வரை விடக் கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "முடியும். அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது, இலவசம். எங்க நிறுத்துனோம்னு அதுவே குறிச்சி வெச்சிக்கும். எத்தன தடவ ஆவும்?"

"ஒன்பது."

"அதுக்குள்ள கணக்கு போட்டாச்சா?"

வெள்ளிக்கிழமை காலை புது டிஸ்க் ஒன்றோடு போனேன். 10 மணி 50 நிமிடத்துக்கு முதல் பன்னிரண்டு தொடங்கியது. டிஸ்க் தலைகீழாக இரண்டு மரக்கட்டைகளின் மேல், பக்கத்தில் டேபிள் ஃபேன். நான் கையில் கடிகாரத்தோடு ஸ்டூலில். பன்னிரண்டாவது நிமிடம் நான் "போதும்" என்பேன், அவள் நிறுத்துவாள். நடுவில் ஒரு இன்வெர்டர், இரண்டு ஃபோன், ஒரு டிவி ரிமோட் வந்து போயின. ஐந்தாவது முறைக்கும் ஆறாவது முறைக்கும் நடுவில் அவள் வீட்டு எலுமிச்சம் சாதம் சாப்பிட்டேன். ஏழாவது முறை பதினோராவது நிமிடத்தில் ஒரு டிக் கேட்டது. ஒன்றுதான். கேட்காதவர் போல இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

3 மணி 18 நிமிடத்துக்கு ஒன்பதாவது முறை முடிந்தது. மொத்த டிஸ்க்கில் படிக்க முடியாமல் போனது நாற்பத்துமூன்று துணுக்கு. அவற்றை மட்டும் இன்னொரு முறை முயன்றாள். ஆறு ஆனது. அந்த ஆறும் எதில் விழுந்தன என்று தேடினாள். என் மனைவி கேட்டாள் என்று ஏற்றி வைத்திருந்த ஒரு சமையல் வீடியோவில். அவள் ஒரு முறைகூட அதைப் பார்த்ததில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புது டிஸ்க்கிலிருந்து ஏரியைத் திறந்தேன். கரை வந்தது. பனை வந்தது. மதகுகள் வந்தன. தண்ணீர் வந்தது. முப்பத்தேழு கொக்கு. இரண்டு முறை எண்ணினேன். முப்பத்தேழும் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்ய எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது தெரிந்தது. செவிலிமேட்டுச் சாலையில், ஒரு மிக்ஸிக் கடை வாசலில், எழுபத்திரண்டு வயதில் நான் ஒற்றைக் காலில் நின்றபடி ஃபோனில் சத்தமாகப் பேசினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அன்று சாயந்திரமும் சனிக்கிழமை முழுவதும், 1,920 வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மீட்டதில் ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. ஆனால் இருபத்தொன்பதாவது கொக்குக்கு மூன்று கால். அது டிஸ்க்கின் தவறில்லை, என்னுடையது. அக்டோபரில் காலை நகர்த்தி வைத்தபோது பழைய காலை அழிக்க மறந்திருக்கிறேன். இப்போது அழித்தேன். டிஸ்க் கெடாமல் இருந்திருந்தால் அப்படியே அட்டையில் அடித்து, தங்கச் சரிகையில் நெய்து, மணமேடை ஏறியிருக்கும் அந்தக் கால்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்த நெசவுக்காரப் பெண்ணிடம் இதையும் சொன்னேன். இந்த முறை சிரித்தாள். பிறகு, நான் ஃபைலை அட்டைக்காரருக்காக பென் டிரைவில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அட்ட அடிச்சதும் அங்க அழிச்சிடுவாங்க. அப்புறம் உங்ககிட்ட ஒண்ணுதான?"

"ஒன்றுதான். அதுதான் கட்டுப்பாடு."

"யார் கண்ணுலேர்ந்து ஐயா மறைக்கிறோம்? டிசைன் என்னுதுன்னு சொல்றீங்க. இன்னிக்கி வரைக்கும் அது எங்கிட்ட இல்ல. எங்கிட்டேர்ந்தே திருடிடுவேனா?"

இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. கிழித்த தாளை அவர்கள் கையில் கொடுத்தோம். முழுத் தாளை ஒரு நாளும் கொடுத்ததில்லை. இன்னொரு பென் டிரைவ் வாங்கி வந்து, ஏரியை அதில் ஏற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் அதைச் சரிகைக் கட்டு வைக்கிற தகர டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதாக என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதற்குப் பிறகு மற்ற பதின்மூன்று தறிக்காரர்களையும் ஆளுக்கொரு பென் டிரைவோடு வரச் சொல்லி அவரவர் டிசைனை அவரவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு பேர் கண் கலங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும், "இத்தினி நாளா குடுக்கல, இப்ப மட்டும் இன்னா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

நவம்பர் 20, புதன்கிழமை, சேலை தறியிலிருந்து அறுத்து இறங்கியது. கெடுவுக்குப் பதினோரு நாள் முன்பு. தென்னேரிக்காரர்கள் ஆறு பேர் வந்து முந்தியை விரித்துப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் குனிந்து, விரலை வைத்து மதகுகளை எண்ணினார். எண்ணிவிட்டு நிமிர்ந்து, "சரியா இருக்குது," என்றார். பிறகு நெசவுக்காரப் பெண்ணைப் பார்த்து, மற்ற ஐந்து சேலைக்கும் நிறம் எப்போது பார்க்கலாம் என்று கேட்டார். அவள் நாளை என்று சொல்லவில்லை. இப்பவே பாக்கலாம் என்று நூல் கட்டை எடுக்க உள்ளே போனாள்.

எனக்கு ஆன செலவு: புது டிஸ்க் 3,150, போர்டு வேலைக்கு அவள் வாங்கிக்கொண்டது 400, முதல் கடையில் பார்த்ததற்கு 150, ஆட்டோ 160, பென் டிரைவ் 380, ரப்பர் 10. ஆக மொத்தம் நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.